மீக்குளிர்ந்த நீரில் மூலக்கூறுகள் எப்படி நகர்கின்றன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதுகலை இயற்பியல், வேதியியல் மாணவர்கள், கணினியில் நீரை உருவகித்துப் பார்க்கத் தொடங்கியிருப்பவர்கள், ஃப்ரீசரில் மறந்து வைத்த பாட்டிலைப் பார்த்து வியந்தவர்கள் என்று பலரும் என்னிடம் கேட்டவை இவை. வகுப்பில் ஐந்து நிமிடத்தில் சொல்லி முடிக்க முடியாததால் எழுதி வைக்கிறேன்.

பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே நீர் எப்படி உறையாமல் இருக்கும்?

பூஜ்ஜியம் டிகிரி செல்சியஸ் என்பது பனிக்கட்டியும் நீரும் சேர்ந்திருக்கக்கூடிய வெப்பநிலை. அதற்குக் கீழே போனதும் நீர் உறைந்தே தீர வேண்டும் என்று பொருள் இல்லை. உறைவதற்கு முதலில் ஒரு சிறு பனிப்படிகம், அதாவது ஒரு கரு, உருவாக வேண்டும். தூசியோ பாத்திரச் சுவரில் ஒரு கீறலோ இருந்தால் கரு அதைப் பற்றிக்கொண்டு எளிதில் பிறந்துவிடும். அப்படி எதுவும் இல்லாத தூய நீரில் மூலக்கூறுகள் தாமாகவே ஒழுங்காகக் கூடிவர வேண்டும். சின்னக் கரு என்றால், அது வளர்வதைவிடக் கரைந்துபோவதற்கே வாய்ப்பு அதிகம். அதனால் நீர் காத்திருக்கிறது. இந்த நிலையில் இருப்பதைத்தான் மீக்குளிர்ந்த நீர் என்கிறோம். மைக்ரோமீட்டர் அளவுள்ள தூய துளிகளைச் சுமார் மைனஸ் 38 டிகிரி வரை நீராகவே கொண்டுபோகலாம்.

இதை முதலில் பதிவு செய்தவர், வெப்பமானிக்குப் பெயர் தந்த ஃபாரன்ஹீட். கொதிக்க வைத்த மழைநீரைக் கண்ணாடிக் குமிழில் அடைத்து, குளிர்கால இரவில் வெளியே வைத்தார். காலையில் அது நீராகவே இருந்தது. மூடியிருந்த முனையை உடைத்ததும் உள்ளே பனி பரவியது. 1724-இல் இதை வெளியிட்டார். இன்னொரு முறை குமிழோடு படியேறும்போது கால் இடறியதாம். அந்த அதிர்ச்சியிலேயே நீர் முழுவதும் பனித்துகள் நிறைந்துவிட்டது.

வீட்டில் பார்க்க முடியுமா?

முடியும். சுத்திகரித்த குடிநீர் பாட்டில், திறக்காததாக, நாலைந்து எடுத்து ஃப்ரீசரில் படுக்க வையுங்கள். இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு கால் மணிக்கு ஒருமுறை கதவை மெல்லத் திறந்து பாருங்கள். ஒன்றிரண்டு உறைந்திருக்கும். உறையாத ஒன்றை ஆட்டாமல் வெளியே எடுத்து, அடிப்பாகத்தை மேசையில் ஒரு தட்டுத் தட்டுங்கள். மேலே கழுத்துப் பக்கம் ஒரு வெள்ளை ஊசி தோன்றும். அது இறகுபோல் விரிந்து கீழே இறங்கும். இரண்டு மூன்று நொடியில் பாட்டில் முழுக்க வெள்ளையாகிவிடும்.

இப்போது அமுக்கிப் பாருங்கள். கல்லாக இருக்காது, கூழாக நெகிழும். காரணம் எளிய கணக்கு. உறையும்போது நீர் வெப்பத்தை வெளிவிடுகிறது, ஒரு கிலோவுக்கு 334 கிலோஜூல். மைனஸ் 8 டிகிரியில் இருந்த நீரைப் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவர ஒரு கிலோவுக்குச் சுமார் 34 கிலோஜூல் போதும். பத்தில் ஒரு பங்கு உறைந்தாலே அவ்வளவு வெப்பம் வந்துவிடும். அத்தோடு உறைதல் நின்றுவிடும். வெள்ளையாகத் தெரிந்த பாட்டிலில் பத்தில் ஒன்பது பங்கு இன்னும் நீர்தான்.

விரவல் என்று எதைச் சொல்கிறீர்கள்?

ஒரு மூலக்கூறைக் குறித்து வைத்துக்கொண்டு, அது தொடங்கிய இடத்திலிருந்து எவ்வளவு தள்ளிப்போகிறது என்று பார்ப்பது. நீருக்குள் நீர் மூலக்கூறே அலைவதால் இதைத் தன்விரவல் என்பார்கள். ஒரே திசையில் போகாமல் அங்கும் இங்கும் மோதி அலைவதால், தள்ளிப்போன தூரத்தின் இருமடி, அதாவது வர்க்கம், நேரத்தோடு நேர்விகிதத்தில் ஏறும். அந்த ஏற்றத்தின் ஆறில் ஒரு பங்குதான் விரவல் எண்.

25 டிகிரியில் நீரின் விரவல் எண் நொடிக்கு 0.0023 சதுர மில்லிமீட்டர். பூஜ்ஜியம் டிகிரியில் 0.0011. மைனஸ் 30 டிகிரியில் சுமார் 0.0002. அறை வெப்பநிலையில் ஒரு மூலக்கூறு ஒரு நாள் முழுக்க அலைந்தால் சராசரியாக மூன்றரை சென்டிமீட்டர் தள்ளிப்போயிருக்கும். மைனஸ் 30-இல் அதே ஒரு நாளில் ஒரு சென்டிமீட்டர்.

குளிரில் மூலக்கூறின் வேகம் குறைகிறது, அதனால் விரவலும் குறைகிறது. அவ்வளவுதானே?

இந்தப் பக்கத்தை எழுதியதே இந்தக் கேள்விக்காகத்தான். பாடநூல்கள்கூட இதை அவசரமாகக் கடந்துவிடுகின்றன.

கணக்குப் போடுவோம். 25 டிகிரியில் ஒரு நீர் மூலக்கூறின் வெப்ப வேகம் நொடிக்குச் சுமார் 640 மீட்டர். மைனஸ் 30 டிகிரியில் 580 மீட்டர். குறைந்தது பத்து சதவீதம் மட்டுமே. வேகம் கெல்வின் வெப்பநிலையின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. 298 கெல்வினுக்கும் 243 கெல்வினுக்கும் அந்த வகையில் பெரிய வித்தியாசம் கிடையாது. ஆனால் விரவல் பத்து மடங்குக்கும் மேல் குறைந்திருக்கிறது. வேகம் இதற்குக் காரணமாக முடியாது.

ஒரு நானோநொடியை, அதாவது நொடியின் நூறு கோடியில் ஒரு பங்கை, எடுத்துக்கொள்ளுங்கள். அறை வெப்பநிலையில் அந்த நேரத்துக்குள் மூலக்கூறு ஓடி முடித்த பாதை ஏறக்குறைய 640 நானோமீட்டர். கடைசியில் அது போய்ச் சேர்ந்த இடமோ புறப்பட்ட இடத்திலிருந்து 3.7 நானோமீட்டர்தான், பதின்மூன்று மூலக்கூறுகளை வரிசையாக அடுக்கிய நீளம். மைனஸ் 30-இல் ஓடிய பாதை 580 நானோமீட்டர், சேர்ந்த தூரம் 1.1 நானோமீட்டர். நாலு மூலக்கூறு அகலம். ஓட்டம் ஓய்வதே இல்லை. இடம்தான் மாறவில்லை.

ஓடவிடாமல் பிடித்து வைத்திருப்பது அண்டை மூலக்கூறுகள். ஒவ்வொரு நீர் மூலக்கூறும் நான்கு பேரோடு ஹைட்ரஜன் பிணைப்பால் கைகோத்திருக்கிறது. அந்த நால்வரும் ஒரு நான்முகியின் மூலைகளில் நிற்பதுபோல் சுற்றி நிற்கிறார்கள். வெப்பநிலை குறையக் குறைய இந்த நான்முகி அமைப்பு ஒழுங்காகிறது, பிணைப்புகள் நீண்ட நேரம் நிலைக்கின்றன. மூலக்கூறு ஒரு கூண்டுக்குள் மாட்டிக்கொள்கிறது. கூண்டுக்குள் துடிக்கும், முட்டும், திரும்பும். வெளியே வரத்தான் நேரம் பிடிக்கிறது. 1990-களில் பாவோலா கல்லோ, ஃபிரான்செஸ்கோ ஷோர்த்தினோ குழுவினரின் கணினிக் கணக்குகள் இந்தக் கூண்டைத் தெளிவாகக் காட்டின.

அப்படியானால் கூண்டிலிருந்து எப்படி வெளியே வருகிறது?

பிணைப்பு அறுந்து, மூலக்கூறு சற்று நேரம் தனியாக மிதந்து, பிறகு வேறொருவரோடு சேர்கிறது என்றுதான் பலரும் நினைக்கிறோம். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். 2006-இல் டாமியன் லாஜ், ஜேம்ஸ் ஹைன்ஸ் இருவரும் கணக்கிட்டுக் காட்டியது வேறு. மூலக்கூறு தன் ஹைட்ரஜன் கையை ஒரு துணையிடமிருந்து இன்னொரு துணைக்கு ஒரே வீச்சில் மாற்றுகிறது. ஏறக்குறைய 60 டிகிரி கோணத்துக்கு ஒரு தாவல். பழைய துணை விலகத் தொடங்கும்போதே புதிய துணை நெருங்கி வந்திருக்க வேண்டும்.

கோலாட்டம் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். கோல் வெறும் காற்றில் நிற்பதில்லை. இந்தப் பக்கத்துக் கோலைத் தட்டிவிட்டு, உடம்பைத் திருப்பி, அடுத்தவரின் கோலைத் தட்டுகிறது. அடுத்தவர் சரியான இடத்துக்கு வரவில்லை என்றால் வீச்சு நடக்காது. நீரிலும் அப்படியே. குளிர்ந்த நீரில் நான்முகி ஒழுங்கு கூடியிருப்பதால், ஐந்தாவதாக ஒருவர் அருகில் வந்து நிற்பது அரிதாகிறது. தாவலுக்கு ஆள் கிடைப்பதில்லை. விரவல் சரிவதற்கு மூலகாரணம் என்று நான் கருதுவது இதைத்தான். ஐந்தாவது அண்டையர் என்ற ‘குறை’ மூலக்கூறுகளை எளிதில் நகரவைக்கிறது என்பதை ஷோர்த்தினோ, கெய்கர், ஸ்டான்லி மூவரும் 1991-லேயே காட்டியிருந்தார்கள்.

அழுத்தம் கொடுத்தால் இன்னும் நெருக்கடிதானே ஆகும்?

மற்றப் பெரும்பாலான திரவங்களில் ஆமாம். எண்ணெயை அழுத்தினால் மூலக்கூறுகள் இன்னும் மெதுவாகும். குளிர்ந்த நீரை அழுத்தினால் அவை வேகமாக விரவுகின்றன! மேலே சொன்ன ஐந்தாமவரை நினைத்துக்கொள்ளுங்கள். அழுத்தம் நான்முகியைக் குலைத்து, ஐந்தாவது மூலக்கூறை உள்ளே தள்ளுகிறது. துணை மாற்ற ஆள் கிடைத்துவிடுகிறது.

குளிர்ந்த நீரின் பாகுநிலை, அதாவது ஓடவிடாமல் தடுக்கும் கெட்டித்தன்மை, அழுத்தத்தில் குறைவதை, பின்னாளில் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்த ரான்ட்ஜனே 1884-இல் கவனித்திருக்கிறார். விரவலை நேராக அளந்தது 1980-களில் ஜெர்மனியின் ரேகன்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில். மீக்குளிர்ந்த நீரில் அழுத்தம் ஏற ஏற விரவல் கூடுகிறது, 200 மெகாபாஸ்கல் பக்கத்தில் உச்சத்தைத் தொட்டுவிட்டு, பிறகு மற்றத் திரவங்களைப் போலக் குறையத் தொடங்குகிறது. கடலின் மிக ஆழமான இடமான மரியானா அகழியின் அடியிலேயே அழுத்தம் சுமார் 110 மெகாபாஸ்கல்தான். அதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு வரை அழுத்தினாலும் குளிர்ந்த நீரின் மூலக்கூறுகளுக்கு அது விடுதலையாகவே இருக்கிறது. நீரைப் பற்றி நான் படித்தவற்றில் என்னை மிகவும் நெகிழ வைத்த உண்மை இது.

இதையெல்லாம் எப்படி அளக்கிறார்கள்? மூலக்கூறைப் பார்க்க முடியாதே?

இரண்டு முக்கிய வழிகள். முதலாவது, அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு. நீரிலுள்ள ஹைட்ரஜன் அணுக்கருக்கள் சிறு காந்தங்கள். இடத்துக்கு இடம் சற்று மாறும் காந்தப்புலத்தை ஒரு கணம் கொடுத்தால், ஒவ்வொரு கருவின் சுழற்சியிலும் அது இருக்கும் இடம் பதிந்துவிடும். சிறிது நேரம் கழித்து எதிர்த் துடிப்பைக் கொடுத்தால், நகராத கருக்கள் பழைய நிலைக்குத் திரும்பும். நகர்ந்தவை திரும்பா. திரும்பி வரும் சைகை எவ்வளவு மங்கியிருக்கிறதோ, அவ்வளவு விரவல் நடந்திருக்கிறது. 1965-இல் ஸ்டெஸ்கல், டேனர் இருவரும் வகுத்த முறை இது. சாதாரண அழுத்தத்தில் மைனஸ் 35 டிகிரி வரை இப்படி அளந்திருக்கிறார்கள்.

இரண்டாவது, நியூட்ரான் சிதறல். இது ஒரு மூலக்கூறின் ஒவ்வோர் அடியையும் காட்டக்கூடியது. 1985-இல் டெய்ஷேராவும் கூட்டாளிகளும் வெளியிட்ட அளவீட்டில், மூலக்கூறு ஓர் இடத்தில் தங்கிப் பிறகு தாவுகிறது என்று வைத்துக் கணக்கிட்டார்கள். 20 டிகிரியில் தங்கும் நேரம் ஒரு பிகோநொடியை, அதாவது நானோநொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கை, சற்றே தாண்டியது. மைனஸ் 20-இல் அது இருபது பிகோநொடிக்கும் மேல்.

எந்த முறையிலும் பெரிய தலைவலி, அளந்துகொண்டிருக்கும்போதே மாதிரி உறைந்துவிடுவதுதான். அதனால் மெல்லிய கண்ணாடி நுண்குழாய்களில் கொஞ்சமே கொஞ்சம் நீரை அடைத்துப் பயன்படுத்துகிறார்கள்.

பாகுநிலையைத் தெரிந்துகொண்டால் விரவலைக் கணக்கிட்டுவிடலாமா?

வெதுவெதுப்பான நீரில் பெருமளவு முடியும். ஸ்டோக்ஸ்–ஐன்ஸ்டைன் தொடர்பின்படி பாகுநிலை எத்தனை மடங்கு ஏறுகிறதோ, விரவல் ஏறக்குறைய அத்தனை மடங்கு இறங்க வேண்டும். மீக்குளிர்ந்த நீரில் இது தளர்ந்துபோகிறது. 2015-இல் பிரான்சின் லியோன் நகரில் ஃபிரெதெரிக் கோபானின் குழு, நீரில் மிதக்கும் நுண்ணிய பாலிஸ்டைரீன் உருண்டைகளின் நடுக்கத்தை வைத்து மைனஸ் 34 டிகிரி வரை பாகுநிலையை அளந்தது. பாகுநிலை சொல்வதைவிட மூலக்கூறுகள் அதிகமாக விரவுகின்றன என்று தெரிந்தது. மூலக்கூறு தன்னைத்தானே சுழற்றிக்கொள்ளும் வேகமோ பாகுநிலையோடு ஒத்துப்போனது.

இதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம், திரவம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருப்பதில்லை என்பது. ஒரு பகுதியில் மூலக்கூறுகள் கூட்டமாக இறுகி நிற்கும். பக்கத்திலேயே ஒரு பகுதியில் கூட்டமாக நகரும். விரவல் சராசரியை நகர்பவை தூக்கிவிடுகின்றன, பாகுநிலையை இறுகியவை தூக்கிவிடுகின்றன.

மைனஸ் 45 டிகிரியில் என்ன நடக்கிறது என்று சண்டை போடுகிறார்களே, என்ன அது?

1976-இல் ராபின் ஸ்பீடி, ஆஸ்டின் ஏஞ்சல் இருவரும் மீக்குளிர்ந்த நீரின் அமுங்குதிறனை, அதாவது அழுத்தினால் அது எவ்வளவு சுருங்குகிறது என்பதை, அளந்தார்கள். விரவல், பாகுநிலை உள்ளிட்ட மற்றப் பண்புகளையும் சேர்த்துப் பார்த்தபோது, எல்லா வளைகோடுகளும் மைனஸ் 45 டிகிரியை நோக்கி எகிறுவதுபோல் தெரிந்தது. ஆனால் அங்கே போய்ப் பார்க்க முடியாது. மைனஸ் 40-ஐ நெருங்கும்போதே நீர் உறைந்துவிடும். மறுபக்கம், கண்ணாடிபோல் படிகமில்லாமல் உறைந்த நீரை மிகக் குறைந்த வெப்பநிலையிலிருந்து சூடாக்கிக்கொண்டே வந்தால் மைனஸ் 120 டிகிரியை ஒட்டி அதுவும் படிகமாகிவிடும். நடுவில் உள்ள இந்த வெளியை ‘யாரும் இல்லா நிலம்’ என்கிறார்கள்.

1992-இல் பாஸ்டனில் பூல், ஷோர்த்தினோ, எஸ்மன், ஸ்டான்லி ஆகியோர் கணினிக் கணக்கின் வழியே ஒரு கருத்தை முன்வைத்தார்கள். அந்த வெளிக்குள், உயர் அழுத்தத்தில், நீர் இரண்டு வேறு திரவங்களாகப் பிரியும். ஒன்று அடர்த்தி கூடியது, இன்னொன்று குறைந்தது. நாம் அளப்பதெல்லாம் அந்தப் பிரிவின் நிழல். ஸ்டாக்ஹோமின் ஆண்டர்ஸ் நீல்சன் குழு, வெற்றிடத்தில் ஆவியாகிக் குளிரும் நுண்துளிகளை எக்ஸ் கதிர் லேசரால் சுட்டு, 2017-இல் அமுங்குதிறன் 229 கெல்வினில் (மைனஸ் 44 டிகிரியில்) ஓர் உச்சத்தைத் தொட்டுவிட்டுத் திரும்புவதைக் காட்டியது. எகிறிக்கொண்டே போகவில்லை. இந்தக் கருத்துக்கு அது வலு சேர்க்கிறது என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். ஏற்காதவர்களும் உண்டு.

விரவலுக்கு மிக அழகான சோதனை 2016-இல் வெளிவந்தது. அமெரிக்காவின் பசிபிக் நார்த்வெஸ்ட் தேசிய ஆய்வகத்தில், சில பத்து நானோமீட்டர் தடிமனுள்ள நீர்ப்படலத்தை லேசர் துடிப்பால் சில நானோநொடிகளுக்கு மட்டும் சூடாக்கி உடனே குளிரவிட்டார்கள். அந்த இடைவெளியில் பனி எவ்வளவு வளர்ந்தது என்று அளந்து, அதிலிருந்து விரவலைக் கணக்கிட்டார்கள். 126 கெல்வின் முதல் 262 கெல்வின் வரை, யாரும் இல்லா நிலத்தின் ஊடாகவே, விரவல் எங்கும் முறியாமல் தொடர்ச்சியாக மாறுவது தெரிந்தது.

பனிக்கட்டியிலும் மூலக்கூறுகள் விரவுமா?

விரவும், மிக மிக மெதுவாக. மைனஸ் 10 டிகிரியில் பனிக்கட்டிக்குள் நடப்பது அதே வெப்பநிலையிலுள்ள மீக்குளிர்ந்த நீரைவிடப் பல லட்சம் மடங்கு மெது.

இதனால் என்ன பயன்?

வெப்பமண்டலத்தில் சுமார் 5 கிலோமீட்டர் உயரத்துக்கு மேல் மேகத்துளிகள் பூஜ்ஜியத்துக்குக் கீழே இருக்கும். அவற்றில் பல உறையாத மீக்குளிர் துளிகள். ஆலங்கட்டி மழைக்கும் விமான இறக்கையில் படியும் பனிக்கும் அவையே மூலம்.

எனக்குப் பிடித்த பயன் வேறு. படிகம் வளர வேண்டுமானால் மூலக்கூறுகள் வந்து சேர வேண்டும். அவை வந்து சேர்வதற்குள் விரவலையே நிறுத்திவிட்டால் நீர் படிகமாகாமல் கண்ணாடியாகிவிடும். அதற்கு நொடிக்குச் சுமார் பத்து லட்சம் டிகிரி வேகத்தில் குளிர்விக்க வேண்டும். 1980-களின் தொடக்கத்தில் ஜாக் டுபோஷே மெல்லிய நீர்ப்படலங்களை இப்படிக் கண்ணாடியாக்கிக் காட்டினார். புரதங்களை அவற்றின் இயல்பான உருவத்திலேயே பிடித்து வைத்து எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்க்க அது வழி திறந்தது. 2017-இன் வேதியியல் நோபல் பரிசு பெற்ற மூவரில் அவர் ஒருவர்.

கணினியில் உருவகிக்கப் போகிறேன். எதில் கவனமாக இருக்க வேண்டும்?

முதலில், நீங்கள் எடுத்துக்கொள்ளும் கணினி நீர் மாதிரியின் உருகுநிலையைத் தெரிந்துகொள்ளுங்கள். அது 273 கெல்வினாக இருக்காது. டிஐபி4பி/2005 மாதிரி 250 கெல்வின் அளவில் உருகும். எஸ்பிசி/இ மாதிரி 215 கெல்வினை ஒட்டி. எஸ்பிசி/இ-யில் 243 கெல்வினில் ஓட்டிவிட்டு ‘மீக்குளிர்ந்த நீர்’ என்று ஆய்வேட்டில் எழுதியதை நான் திருத்தியிருக்கிறேன். அந்த மாதிரியைப் பொறுத்தவரை அது சாதாரண நீர். டிஐபி3பி-யை இந்த வேலைக்கு எடுக்கவே வேண்டாம். அறை வெப்பநிலையிலேயே உண்மை நீரைவிட இரண்டு மடங்குக்கும் மேல் விரவும்.

அடுத்து, தூரத்தின் இருமடியை நேரத்துக்கு எதிராக, இரு அச்சுகளையும் மடக்கை அளவில் வரைந்து பாருங்கள். தொடக்கத்தில் செங்குத்தாக ஏறும், அது மோதலுக்கு முந்தைய ஓட்டம். பிறகு தட்டையாக ஒரு திண்ணை தெரியும். அறை வெப்பநிலையில் கண்ணுக்குத் தெரியாத அந்தத் திண்ணை குளிரக் குளிர நீளும். கூண்டு அதுதான். அதைத் தாண்டிச் சாய்வு ஒன்றாகும் இடத்திலிருந்து மட்டுமே விரவல் எண்ணை எடுக்க வேண்டும். திண்ணையின் விளிம்பில் எடுத்தால் வரும் எண்ணுக்குப் பொருளே இல்லை. 300 கெல்வினில் ஒரு நானோநொடி ஓட்டம் போதும். 220 கெல்வினை நெருங்கும்போது அதே தரத்துக்கு நூற்றுக்கணக்கான நானோநொடிகள்கூடத் தேவைப்படும்.

பெட்டியின் அளவையும் மறக்காதீர்கள். சின்னப் பெட்டியில் விரவல் உண்மையைவிடக் குறைவாகவே வரும். 2004-இல் யே, ஹம்மர் தந்த திருத்தத்தைச் சேருங்கள், அல்லது மூன்று நான்கு அளவுகளில் ஓட்டி, நீளத்தின் தலைகீழுக்கு எதிராக வரைந்து, கோட்டைப் பூஜ்ஜியம் வரை நீட்டி எடுங்கள். நான் இரண்டாவதைத்தான் செய்யச் சொல்வேன். ஒரு வாரம் கூடுதலாகப் பிடிக்கும். ஆனால் திருத்தச் சூத்திரத்துக்குப் பாகுநிலை வேண்டும், குளிர்ந்த நீரில் அதைக் கணக்கிடுவது விரவலைக் கணக்கிடுவதைவிடக் கடினம்.